கேட்பதை நிறுத்திய பிள்ளைகள்

2022இல் இலங்கையின் கடைகளிலும் எரிபொருள் நிலையங்களிலும் இல்லாமல் போனவற்றைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அந்த ஆண்டு பதின்வயதில் இருந்தவர்களுக்கு வீட்டுக்குள் என்ன நடந்தது? ஒரு சிறப்புப் பார்வை.

மின்விசிறி நின்ற மறுகணம் வீட்டில் எல்லாமே கேட்கத் தொடங்கும்.

2022 மார்ச் கடைசி. நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. தொலைக்காட்சி ஓடவில்லை, குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல்கூட இல்லை. இரவு எட்டு மணிக்கு முன் அறையில் ஒரு மெழுகுதிரி எரிகிறது. அதன் ஒரு பக்கம் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மூத்த பிள்ளை, மறு பக்கம் கொப்பியில் படம் கீறும் இளையது. குசினியில் அம்மாவும் அப்பாவும் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள். காஸ் இன்னும் எத்தனை நாளைக்கு வரும், கடைக் கொப்பியில் எவ்வளவு ஏறியிருக்கிறது, காப்பை வங்கியில் வைத்தால் என்ன கிடைக்கும், இந்த மாதம் யாருடைய ரியூசனை நிறுத்துவது. முன் அறையில் மூத்தது புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. பக்கமும் புரளவில்லை.

மறுநாள் காலை அது அம்மாவிடம் சொல்லும்: "எனக்கு சயன்ஸ் ரியூசன் வேண்டாம். ஸேர் படிப்பிக்கிறது விளங்குதில்லை." அது பொய் என்று அம்மாவுக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது என்று பிள்ளைக்கும் தெரியும். இருவரும் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிடுவார்கள்.

இதை ஒரு வீட்டின் கதையாக எழுதவில்லை. வெள்ளவத்தையில் அடுக்குமாடிக் குடியிருப்பிலும், வவுனியாவில் வீட்டுத்திட்ட வீட்டிலும், ஹட்டனில் லயத்திலும் அந்த ஆண்டு நடந்தது ஏறத்தாழ இதுதான். அன்று பதினான்கு, பதினைந்து வயதில் இருந்தவர்கள் இன்று உயர்தரம் எழுதிவிட்டோ, வேலைக்குப் போயோ, கடவுச்சீட்டு வரிசையில் நின்றோ இருக்கிறார்கள். பெற்றோரைக் கேட்டால் பெருமையாகத்தான் சொல்வார்கள்: "பிள்ளை ஒண்டுமே கேக்காது, நிலைமை விளங்கின பிள்ளை." அந்தப் பெருமையை நான் சந்தேகத்தோடு பார்க்கிறேன். பதின்வயதுப் பிள்ளை கேட்பதை நிறுத்துகிறது என்றால், அதற்குள் ஏதோ ஒன்று நின்றுபோயிருக்கிறது.

நாடு முறிந்தது எப்படி?

பின்னணி தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்லலாம். 2019 ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகள் சுற்றுலாத்துறையை அடித்தன. அதே ஆண்டின் கடைசியில் வந்த புதிய அரசு பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தது. அடுத்து கொரோனா வந்தது. 2021 ஏப்ரலில் இரசாயன உரத்துக்குத் தடை விதித்தார்கள். நவம்பரில் அதை விலக்கியபோது வயல் காய்ந்திருந்தது. கையிருப்பு டொலர் கரைந்தது. 2022 மார்ச் 7ஆம் திகதி ரூபாயை மிதக்க விட்டார்கள். ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசு அறிவித்தது. மே மாதம், சுதந்திரத்துக்குப் பின் முதன்முறையாக நாடு கடன் தவணை தவறியது. ஜூலை 9ஆம் திகதி மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். 13ஆம் திகதி ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச நாட்டைவிட்டு வெளியேறினார். 2023 மார்ச் 20ஆம் திகதி சர்வதேச நாணய நிதியம் சுமார் 300 கோடி டொலர் கடன் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது.

━━━━━━━━━━
பெட்டி: வீட்டுக் கணக்கில் விழுந்த அடி

● 12.5 கிலோ சமையல் எரிவாயு: 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாய், 2022 ஏப்ரல் கடைசியில் 4,860 ரூபாய்.
● 400 கிராம் பால்மா: 2022 மார்ச்சில் ஒரே தடவையில் 540 ரூபாயிலிருந்து 790 ரூபாய்.
● பெட்ரோல் 92 ஒக்டேன், ஒரு லீற்றர்: 2021 டிசெம்பரில் 177 ரூபாய், 2022 ஜூன் கடைசியில் 470 ரூபாய்.
● மண்ணெண்ணெய், ஒரு லீற்றர்: 2022 ஓகஸ்ட்டில் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்.
● ஒரு டொலர்: 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாய், மே மாதம் ஏறத்தாழ 360 ரூபாய்.
● கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம்.
● உலக வங்கி மதிப்பீட்டில் வறுமை 2021இல் 13.1 சதவீதம், 2022இல் 25 சதவீதம். ஒரே ஆண்டில் 25 லட்சம் பேர் புதிதாக ஏழைகளானார்கள்.
━━━━━━━━━━

வரிசையில் போன வருடம்

பரீட்சை நடத்தக் காகிதம் இல்லை என்று ஒரு மாகாணம் அறிவித்ததை நினைவிருக்கிறதா? 2022 மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சை தள்ளிப்போனது. வினாத்தாள் அச்சடிக்கக் காகிதமும் மையும் வாங்க டொலர் இல்லை. புத்தகக் கடையில் சீ.ஆர். கொப்பியை எடுத்து, விலையைப் பார்த்து, இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தார்கள் பிள்ளைகள். பழைய கொப்பிகளின் எழுதாத தாள்களைக் கிழித்து, தைத்துப் புதுக் கொப்பி செய்த அம்மாக்கள் இருந்தார்கள்.

சாதாரண தரப் பரீட்சை மே 23ஆம் திகதி தொடங்கியது. 2021இல் நடந்திருக்க வேண்டிய பரீட்சை அது. எரிபொருள் முற்றாகத் தீர்ந்து, ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எண்ணெய் என்று அரசு சொன்னபோது நகரப் பாடசாலைகள் மூடப்பட்டன. வகுப்புகள் மறுபடியும் கைப்பேசிக்குள் போயின. வீட்டில் ஒரு கைப்பேசி, படிக்கிற பிள்ளைகள் மூன்று, டேட்டா போடக் காசில்லை. ஜூலை 25ஆம் திகதி திறந்த பாடசாலைகளும் வாரத்தில் மூன்று நாள்தான் நடந்தன. கொரோனாவில் இரண்டு ஆண்டு போயிருந்த பிள்ளைகளுக்கு இது மூன்றாவது.

பாடசாலை இல்லாத பகல் எங்கே போனது? பெரும்பாலும் வரிசைக்குத்தான் போனது. அப்பா வேலைக்குப் போக வேண்டும், ஆனால் மோட்டார் சைக்கிள் வரிசையை விட்டு அசையக் கூடாது. அதனால் மகன் காவலுக்கு நிற்பான். மண்ணெண்ணெய்க்குக் கான்களைக் கயிற்றில் கோத்து வைத்துவிட்டு நிழலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு நடுவே பதினைந்து வயதுப் பையன் இருப்பான். அங்கே அவன் கேட்டதெல்லாம் பெரியவர்களின் பேச்சு. நாடு முடிந்தது, இனி இங்கே இருந்து பலனில்லை, படித்தவன்தான் என்ன கண்டான், கனடாவுக்கு ஓடு, துபாய்க்கு ஓடு. ஒரு மாதம் முழுக்க இதைக் கேட்ட பிள்ளையிடம் இரவில், "வடிவாப் படி, படிச்சால்தான் முன்னேறலாம்" என்று சொன்னால் அது எந்தக் காதில் ஏறும்?

2022க்குரிய உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரியில்தான் தொடங்கியது. பரீட்சை நாட்களிலாவது மின்வெட்டு வேண்டாம் என்ற கோரிக்கை மனித உரிமைகள் ஆணைக்குழு வரை போனது. விடைத்தாள் திருத்துவதும் இழுபட்டது. ஒவ்வொரு அணியும் முந்தைய அணியின் தாமதத்தைச் சுமந்தது. பதினெட்டு வயதில் முடிந்திருக்க வேண்டியது பத்தொன்பதும் இருபதும் ஆனது. வீட்டில் காசில்லாத நேரத்தில் இன்னும் ஒரு வருடம் படிக்கிற பிள்ளையாக இருப்பது எவ்வளவு பாரம் என்று அந்த வயதில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

"என்னால்தான் செலவு"

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2023இல் நெருக்கடியின் தாக்கம் பற்றி வீடு வீடாக ஆய்வு நடத்தியது. 60.5 சதவீத வீடுகளில் மாத வருமானம் குறைந்திருந்தது. 91 சதவீத வீடுகளில் செலவு கூடியிருந்தது. 3 முதல் 21 வயது வரை கல்வி கற்பவர்களில் 54.9 சதவீதத்தினரின் படிப்பை நெருக்கடி பாதித்திருந்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் எழுதுபொருள் வாங்குவதையே நிறுத்தியோ குறைத்தோ இருந்தார்கள்.

இந்த எண்களை ஒரு பிள்ளை எப்படி வாசிக்கும்? ஐந்து வயதுக்குப் பால் இல்லை என்றால் அது அழும், பிறகு மறந்துவிடும். பதினைந்து வயது மறக்காது. விலையைப் பெருக்கிப் பார்க்கும். அப்பாவின் சம்பளம் அதற்குத் தெரியும், தன் ரியூசன் காசும் தெரியும், இரண்டையும் கழிக்கவும் தெரியும். கணக்கின் முடிவில் அது கண்டுபிடிப்பது தன்னைத்தான்: இந்த வீட்டில் குறைக்கக் கூடிய செலவு நான்.

பெரியவருக்கு இருக்கும் அறிவு அந்த வயதில் வந்துவிடுகிறது, பெரியவருக்கு இருக்கும் வழி எதுவும் வருவதில்லை. கடன் கேட்கவோ, கூடுதல் வேலை தேடவோ, முதலாளியிடம் முற்பணம் கேட்கவோ அதனால் முடியாது. அதன் கையில் இருப்பது ஒன்றுதான், தன்னைச் சுருக்கிக்கொள்வது. அந்தச் சுருக்கம் பல வேடங்களில் வந்தது. பாடசாலைச் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்கவில்லை, "எனக்கு பஸ்ஸில சத்தி வரும்". நண்பனின் பிறந்தநாளுக்குப் போகவில்லை, "அவனோட இப்ப கதைக்கிறேல்ல". காலையில் சாப்பிடவில்லை, "பசிக்கேல்ல". சப்பாத்து கடிக்கிறது என்று சொல்லவில்லை, இரண்டு வருடம் அதையே போட்டது.

வெளியே தெரிந்தது வேறு. எரிச்சல், கதவை அறைதல், தம்பியோடு சண்டை, பகல் முழுக்கத் தூக்கம், ராத்திரி முழுக்கக் கைப்பேசி. "இந்த வயசில எல்லாம் இப்பிடித்தான்" என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டார்கள். அந்த வயதுக்குரிய குணமும் நெருக்கடி தந்த கலக்கமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால் இரண்டாவது கண்ணில் படாமல் போனது.

பணம் மனதுக்குள் நுழையும் வழி

இதற்கு முன்னுதாரணம் உண்டு. 1930களின் அமெரிக்கப் பெருமந்தத்தில் கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில் வளர்ந்த, 1920-21இல் பிறந்த 167 பிள்ளைகளின் வாழ்க்கையைச் சமூகவியலாளர் கிளென் எல்டர் ஆராய்ந்து 1974இல் நூலாக்கினார். வருமானம் விழுந்த வீடுகளில் பையன்கள் கூலி வேலைக்குப் போனார்கள், பெண் பிள்ளைகள் வீட்டு வேலையை ஏற்றார்கள், அப்பாவின் இடம் சரிந்து அம்மாவின் பொறுப்பு கூடியது. இலங்கையில் 2022ஐ வாழ்ந்தவர்கள் இதைப் படித்தால் தங்கள் தெருவைப் பற்றி எழுதியதாகவே நினைப்பார்கள்.

எல்டரின் வழியில், அயோவா மாநிலத்தில் 1980களின் விவசாய நெருக்கடிக்குப் பிறகு ராண்ட் கொங்கரும் சகாக்களும் 451 குடும்பங்களைப் பின்தொடர்ந்தார்கள். ஒவ்வொரு குடும்பத்திலும் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இருந்தது. பணத் தட்டுப்பாடு நேராகப் பிள்ளையின் மனதைத் தாக்குவதைவிட, பெற்றோர் வழியாகவே அதிகம் தாக்குகிறது என்று அவர்கள் கண்டார்கள். கட்ட முடியாத கட்டணமும் ஒத்திப்போட்ட தேவையும் பெற்றோரைச் சோர வைக்கின்றன. சோர்ந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் சண்டை பிடிக்கிறார்கள். சண்டை பிடித்த களைப்பில் பிள்ளையிடம் கடுமையாகவோ அக்கறையில்லாமலோ நடக்கிறார்கள். அங்கேதான் பிள்ளை நொறுங்குகிறது.

என் பார்வையில் நம் வீடுகளுக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி வேறில்லை. டொலர் கையிருப்பு அப்பாவின் கையில் இல்லை. தன் பிள்ளையோடு எப்படிப் பேசுவது என்பது அவர் கையில் இருக்கிறது.

ஆனால் அந்த அப்பாவின் நிலையையும் பார்க்க வேண்டும். கட்டட வேலை நின்றது, சீமெந்து விலை எட்டாத உயரம். முச்சக்கர வண்டி ஓட்டியவர் இரண்டு நாள் வரிசையில் நின்று ஒரு நாள் ஓடினார். மண்ணெண்ணெய் இல்லாமல் மன்னாரிலும் முல்லைத்தீவிலும் படகுகள் கரையில் கிடந்தன. நம் சமூகம் ஆணுக்குக் கற்றுக்கொடுத்திருக்கும் ஒரே மரியாதை உழைத்துக் கொண்டுவருவது. அது போனபோது மீதமிருந்ததை எப்படி வைத்துக்கொள்வது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சிலர் பேச்சை நிறுத்தினார்கள். சிலர் குடித்தார்கள். சிலர் கை ஓங்கினார்கள். இதைச் சொல்வது அவர்களை மன்னிக்க அல்ல. அடி விழுந்த வீட்டில் பதின்வயதுப் பிள்ளை அம்மாவுக்கும் தம்பிக்கும் நடுவே நின்று அடி வாங்கியதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

பெண் பிள்ளைகளின் கணக்கு

பையன் வரிசைக்குப் போனான் என்றால், பெண் பிள்ளை விறகடுப்புக்குப் போனாள். காஸ் இல்லாத வீட்டில் அடுப்பு மூட்டுவது, தம்பி தங்கையைப் பார்ப்பது, கரண்ட் வரும் நேரம் பார்த்து விடிகாலை மூன்று மணிக்கு எழும்பித் துணி மினுக்குவது எல்லாம் பெரும்பாலும் அவள் தலையில் விழுந்தன.

பேசாத விஷயம் ஒன்றும் இருந்தது. மாதவிடாய் அணையாடையின் விலை கூடியது. வாங்கக் காசில்லாதவள் பழந்துணியைப் பாவித்தாள், அல்லது அந்த நாட்களில் பாடசாலைக்குப் போகவில்லை. அப்பாவிடம் கேட்க முடியாது, அம்மாவிடம் கேட்கவும் மனமில்லை. பால்மாவுக்கும் இதற்கும் நடுவே எதை வாங்குவது என்று அம்மா யோசிக்கும் அந்த நொடியைப் பார்க்க அவளுக்கு விருப்பமில்லை. 2024இல் அரசு சுமார் எட்டு லட்சம் மாணவிகளுக்கு 1,200 ரூபாய் பெறுமதியான வவுச்சர் கொடுக்கும் திட்டத்தை அறிவித்தது. தாமதமாக வந்தாலும் நல்ல முடிவு. ஆனால் நெருக்கடியின் உச்சத்தில் எட்டாம் வகுப்பில் இருந்தவளுக்கு அப்போது பத்தாம் வகுப்பு.

பிறகு அம்மாவின் பயணம். 2022இல் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வேலைக்காக நாட்டைவிட்டுப் போனார்கள், அதுவரை இல்லாத எண்ணிக்கை. அந்த ஜூனில் வீட்டுப் பணிப்பெண்ணாகப் போகும் பெண்களின் குறைந்தபட்ச வயதை எல்லா நாடுகளுக்கும் 21ஆகக் குறைக்க அமைச்சரவை ஒப்புக்கொண்டது. சவூதிக்கு அது முன்பு 25. நாட்டுக்கு டொலர் வேண்டும், வீட்டுக்கும் வேண்டும். ஏஜென்சிக்காரர் வந்து போன மறுமாதம் அம்மா குவைத்திலோ ரியாத்திலோ யாரோ ஒருவரின் பிள்ளைக்குச் சோறு ஊட்டினாள். இங்கே பதினாறு வயது மகள் அம்மாவானாள்.

இரவு வாட்ஸ்அப் அழைப்பில் இரண்டு பேரும் சிரிப்பார்கள். அங்கே வேலை கடினம் என்று அம்மா சொல்ல மாட்டாள். அப்பா மூன்று நாளாக வீட்டுக்கு வரவில்லை என்று மகள் சொல்ல மாட்டாள். ஒருவரையொருவர் காக்க நினைத்து இருவரும் தனித்தனியே தவித்தார்கள். அம்மா அனுப்பிய பணத்தில் வீட்டுக்குக் கூரைத் தகடு வந்தது, கடன் அடைந்தது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு உரிமையில்லை. அந்த மகளின் இழப்பு எந்தக் கணக்கிலும் எழுதப்படவில்லை என்று சொல்ல உரிமை உண்டு.

தேயிலைக்குக் கீழே

தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,000 ரூபாய் என்று 2021 மார்ச்சில்தான் நிர்ணயமானது, பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு. அடுத்த மார்ச்சில் ஒரு பால்மா பைக்கெட் 790 ரூபாய். ஒரு நாள் முழுக்க மலையில் ஏறி இறங்கிக் கொழுந்து பறித்தால் ஒரு பைக்கெட் பால்மாவும் கொஞ்சம் சில்லறையும். கோதுமை மா ரொட்டியையே மூன்று வேளையும் நம்பியிருந்த லயங்களில் மாவின் விலை ஏறியபோது குறைக்க வேறு எதுவும் மிச்சமில்லை. உலக வங்கியின் மதிப்பீடுகளில் நகரம், கிராமம், தோட்டம் என்ற மூன்றிலும் மோசமாக விழுந்தது தோட்டம்தான். அங்கே பாதிக்கு மேற்பட்டவர்கள் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள்.

மலையகத்துப் பிள்ளைக்கு ஒரு வாசல் எப்போதும் திறந்தே இருக்கும். கொழும்பில் கடை வேலை, வீட்டு வேலை. "ஒரு ஆறு மாசம் போய்ட்டு வர்றேன்மா, அப்புறமா படிக்கிறேன்." சாதாரண தரத்துக்கு முன்னும் பின்னும் இப்படிப் போன பையன்களில் எத்தனை பேர் திரும்பி வந்து மேசையில் உட்கார்ந்தார்கள் என்பதை அந்தந்தத் தோட்டத்துப் பாடசாலை ஆசிரியர்களிடம் கேட்டால் தெரியும். காலியான இருக்கையைப் பார்த்து மிச்சமிருந்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதும் முக்கியம். படித்துத் தலைமுறையை மாற்றலாம் என்ற நம்பிக்கை மலையகத்தில் புதிது. இரண்டு தலைமுறையாகத்தான் வேர் பிடித்து வருகிறது. அதன் மேல் விழுந்த அடியைப் பணவீக்கச் சதவீதத்தில் அளக்க முடியாது.

"நாங்கள் பாக்காத தட்டுப்பாடா?"

வடக்கில் நிலைமை வேறு விதமாகச் சிக்கலானது. 1990இலிருந்து பொருளாதாரத் தடையைப் பார்த்தவர்கள் இன்றைய பெற்றோர். பெட்ரோல், பற்றரி, சவர்க்காரம் எல்லாம் தடை. ஜாம் போத்தல் விளக்கில் படித்து, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டு, குண்டுச் சத்தத்துக்கு நடுவே பரீட்சை எழுதி மேலே வந்தவர்கள். 2022இல் தெற்கே மக்கள் தெருவுக்கு வந்து கொந்தளித்தபோது யாழ்ப்பாணத்தில் பலர், "இதெல்லாம் எங்களுக்குப் பழகினது" என்றார்கள். அது உண்மை. அந்தப் பழக்கம் குடும்பங்களைக் காத்தது. விறகும் பனையும் கிணறும் மறுபடி கைகொடுத்தன.

ஆனால் பிள்ளைக்கு அது ஒரு கதவை அடைத்தது. அம்மா பதுங்குகுழியில் இருந்து படித்தவள் என்றால், மின்வெட்டில் படிக்க முடியவில்லை என்று மகன் எந்த முகத்தோடு சொல்வான்? முள்ளிவாய்க்காலில் உறவுகளைப் புதைத்துவிட்டு வந்த வீட்டில், எதிர்காலத்தை நினைத்துப் பயமாக இருக்கிறது என்று சொல்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்? பெற்றோரின் துயரம் பெரியது, அதனால் பிள்ளையின் துயரம் சிறியதாகிவிடாது. போரின் கடைசி ஆண்டுகளில் பிறந்த தலைமுறைக்கு அந்த வரலாற்றின் பாரம் ஏற்கெனவே உண்டு. "உங்களுக்கு என்ன குறை" என்ற கேள்வி அதன் மேல் வந்து உட்கார்ந்தது.

கடல் தாண்டியவர்களும் உண்டு. 2022 மார்ச் 22ஆம் திகதி மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் குழந்தைகளோடு 16 பேர் தனுஷ்கோடிப் பக்கம் வந்து இறங்கினார்கள். போர் முடிந்து பதின்மூன்று ஆண்டுக்குப் பின், இம்முறை பசிக்குப் பயந்து. மண்டபம் முகாம் மறுபடி நிரம்பத் தொடங்கியது. தமிழ்நாடு அரசு 40,000 தொன் அரிசியும் 500 தொன் பால்மாவும் மருந்துகளும் அனுப்பியது. முதல் கப்பல் மே 18ஆம் திகதி சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. படகில் வந்த பதின்வயதுப் பிள்ளைக்கு ஒரே இரவில் பாடசாலை போனது, நண்பர்கள் போனார்கள், வீடு போனது. முகாமுக்குள் அதற்குக் கிடைத்த புதுப் பெயர் அகதி. அந்தப் பெயரை அதன் தாத்தாவும் முன்பு சுமந்திருக்கக்கூடும்.

கோபத்துக்கு ஓர் இடம்

கொழும்பு காலிமுகத்திடலில் 2022 ஏப்ரல் 9ஆம் திகதி முளைத்த "கோட்டா கோ கம" போராட்டக் களத்தில் கூடாரங்களும் நூலகமும் இருந்தன. பாடசாலைச் சீருடையோடும் பிள்ளைகள் வந்தார்கள். அரசியலின் நன்மை தீமையை வேறொரு கட்டுரையில் பேசலாம். மனதின் பக்கம் நின்று பார்த்தால் அங்கே ஒன்று நடந்தது. இது என் அப்பாவின் தோல்வி அல்ல, நாட்டை ஆண்டவர்களின் தவறு என்று பல்லாயிரம் பேர் ஒன்றாகச் சத்தமாகச் சொன்னார்கள். வீட்டுக்குள் வெட்கமாக இருந்தது வீதியில் கோபமாக மாறியது. வெட்கத்தைவிடக் கோபம் ஆரோக்கியமானது, அருகில் ஆட்கள் இருந்தால். திடலுக்குப் போக முடியாத தோட்டத்துப் பிள்ளைக்கும் முல்லைத்தீவுப் பிள்ளைக்கும் அந்த வாய்ப்பு இருக்கவில்லை.

வீட்டில் சொல்ல வேண்டியது

"பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது" என்று மறைப்பது நம் வழக்கம். அன்பினால்தான் மறைக்கிறோம். ஆனால் பதினான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடம் எதையும் மறைக்க முடியாது, அது அரைகுறையாகக் கேட்டு மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். அது நிரப்புவது எப்போதும் உண்மையைவிட மோசமாக இருக்கும். நாலு மாதக் கடை பாக்கி என்பதை, வீட்டை விற்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொள்ளும்.

கணக்கைச் சொல்லிவிடுவது நல்லது. இவ்வளவு வருகிறது, இவ்வளவு போகிறது, இதைக் குறைக்கிறோம், உன் படிப்புக் காசைக் கடைசி வரை தொட மாட்டோம், அல்லது இந்த ஒரு பாடத்தை மட்டும் ஆறு மாதத்துக்கு நிறுத்த வேண்டியிருக்கிறது. எதை விடுவது என்பதில் அதையும் கேட்பது. "இது உன்னால் வந்ததில்லை" என்று வாய் திறந்து ஒரு தடவையாவது சொல்வது. அப்பா இதைச் சொன்னால் இன்னும் நல்லது. ஒன்றுக்கு மட்டும் எல்லை வேண்டும்: பிள்ளையை ஆலோசனைக்குச் சேர்க்கலாம், ஆறுதலுக்குத் தோளாக்கக் கூடாது. அம்மா தன் கண்ணீரையெல்லாம் மூத்த மகளிடம் இறக்கிவைத்த வீடுகளில் அந்த மகள் இன்னும் தூங்கவில்லை.

பாடசாலைகளில் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியர் என்று ஒரு பதவி உண்டு. அவரையே வராத ஆசிரியரின் பாடவேளைக்கும், விளையாட்டுப் போட்டிக்கும் அனுப்பினால் பிள்ளை யாரிடம் போகும்? கதவு மூடக் கூடிய ஓர் அறையும், வாரத்தில் சில மணி நேரம் வேறு வேலை தராத உறுதியும் கொடுக்கப் பெரிய நிதி தேவையில்லை. 2023இல் பாடசாலைச் சீருடைத் துணியில் 70 சதவீதத்தைச் சீனா நன்கொடையாகத் தந்தது. சீருடைக்கு வெளிநாட்டை எதிர்பார்த்த நாட்டில்கூட, இந்த அறைக்கு யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

━━━━━━━━━━
பெட்டி: பேச ஓர் எண்

இலங்கையில்: தேசிய மனநல உதவி எண் 1926, சிறுவர் உதவி எண் 1929, ஆலோசனை இலக்கம் 1333.
தமிழ்நாட்டில்: டெலி மானஸ் 14416, சிறுவர் உதவி எண் 1098.

பிள்ளை வாழவே பிடிக்கவில்லை என்று சொன்னால், அல்லது திடீரென்று தன் பொருட்களை மற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினால், "சும்மா சொல்லுது" என்று விடாமல் அன்றே பேசுங்கள், அன்றே அழையுங்கள்.
━━━━━━━━━━

விலைகள் ஏறிய வேகம் நின்றுவிட்டது, எரிபொருள் வரிசைகள் மறைந்தன, மின்வெட்டு நீங்கியது. புள்ளிவிபரத்தில் நாடு எழுந்து நிற்கிறது. வீடுகளில் அப்படியில்லை. ஏறிய விலை பழைய நிலைக்கு இறங்கவில்லை, அடகு வைத்த நகை பல வீடுகளுக்குத் திரும்பவில்லை, போன அம்மாக்கள் எல்லோரும் வரவில்லை. அயோவாவில் கொங்கரின் குழு அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை அவர்கள் பெற்றோரான பிறகும் பின்தொடர்ந்தது. நெருக்கடிக் காலத்தில் கடுமையாக வளர்க்கப்பட்டவர்கள் தங்கள் பிள்ளைகளிடமும் அந்தக் கடுமையைக் காட்டும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. மூன்றாம் தலைமுறை வரை கணக்கு வைக்க அங்கே ஆட்கள் இருந்தார்கள்.

இங்கே 2023இன் ஆய்வு வீடுகளிடம் கேட்டது வருமானம், செலவு, கடன், எழுதுபொருள் பற்றி. அதுவும் தேவையான ஆய்வுதான். அடுத்ததில் 13 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கென்று தனித் தாள் ஒன்று சேர்க்க வேண்டும், பெற்றோர் பக்கத்தில் இல்லாமல் அவர்களே நிரப்புவதாக. எந்தப் பாடத்தை விட்டாய், யாருக்காக விட்டாய், எத்தனை நாள் பசியோடு வகுப்பில் இருந்தாய், யாரிடமாவது சொன்னாயா. கல்வி அமைச்சிடம் பாடசாலைகளின் வலைப்பின்னல் முழுவதும் இருக்கிறது, ஒரே வாரத்தில் செய்யலாம். தள்ளிப்போட மட்டும் நேரமில்லை: நெருக்கடி தொடங்கியபோது பதின்மூன்று வயதில் இருந்தவர்கள் உயர்தரத்தை முடித்துப் பாடசாலையை விட்டு வெளியேறும் காலம் இது. அதன்பின் அவர்களைத் தேடிப் பிடிக்க எந்தப் பதிவேடும் இருக்காது.